கோட்டோடு துடைக்க வேண்டும்

கம்முனு இரு, இன்னும் கொஞ்ச நேரந்தான், வாயை மட்டும் திறந்துடாதே என்று கோகிலவாணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஸ்வெட்டர் கையை விரல்நுனி வரைக்கும் இழுத்துவிட்டபடி, கோல்ஃப் மைதானத்து ஓரத்து மண்பாதையில் நடந்தாள். இந்தப் பாதையை விட்டு ஓரடி புல்லுக்குள் வைக்கக் கூடாது, பெற்றவர்களுக்கு இதுதான் எல்லை. அக்கட்டால, புல்வெளியின் நடுவில், தோளில் பையோடு அவள் மகன் தரணீஷ் தன் பந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். பதினாறு வயசு. காலையிலிருந்து ஒரு தடவைகூட அவனாக இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டாம் சாமி, பார்க்கவே வேண்டாம், நல்லபடியா அடிச்சா போதும். மத்தியானம் வரைக்கும் பளிச்சென்று அடித்த வெயிலை எங்கிருந்தோ வந்த மஞ்சு மூடிவிட்டது. ஊட்டி என்றால் மே மாசத்திலும் இப்படித்தான் என்று தெரிந்திருந்தும் இந்த மெல்லிசு ஸ்வெட்டரை எடுத்து வந்த புத்தியை எதால் அடிப்பது. யூகலிப்டஸ் வாசம் மூக்கில் ஏறியது, கண்ணாடியில் ஈரம் படிந்து படிந்து உலகமே கஞ்சித் தண்ணீர் ஊற்றிவைத்த மாதிரி தெரிந்தது. இது கடைசிக் குழி. மாநில ஜூனியர் அணியில் காலியாக இருப்பது ஒரே இடம். அதற்கு இவனும், சென்னையிலிருந்து வந்த ரோஹன் என்ற பையனும் சமமாக நிற்கிறார்கள். குறைந்த அடியில் முடிப்பவனுக்குத்தான் வெற்றி, அதுதான் இந்த ஆட்டம். ரோஹன் தன் பந்தைக் கிரீனில், அதாவது குழியும் கொடியும் இருக்கிற அந்த ஒட்டச் சிரைத்த புல்தரையில், ஏற்கெனவே ஏற்றிவிட்டான், ஆனால் கொடிக்கு ரொம்ப தூரத்தில். இந்த அடியில் கிரீனில் ஏற்றினால் இவனும் அவனுக்குச் சமம், இப்போது இவன் முறை. காலையில் ரெஃப்ரி குரியன் சார் பெற்றோர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, பேச்சோ சைகையோ எதுவாக இருந்தாலும் சரி, பிள்ளைக்கு யோசனை சொன்னால் பிள்ளையின் கணக்கில் இரண்டு அடி ஏறும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோகிலவாணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, தன்னைப் பார்த்தே சொல்வதாகப் பட்டது.

வெட்ஜைத் துடைக்கவில்லையே அவன். போன குழியில் சேறாகக் கிடந்த இடத்திலிருந்து அந்த வெட்ஜால்தான் அடித்தான், பந்தைக் கிளப்பிப் போடுகிற அந்தச் சாய்ந்த மூஞ்சிக் கட்டையால். பந்து கிரீனைத் தாண்டி உருண்டு போனது. அந்த நேரம் பார்த்து இவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வேண்டுமென்று வைக்கவில்லை, கை தானாகப் போனது, வீட்டில் பால் பொங்கினால் போகிற மாதிரி. அதை அவன் பார்த்துவிட்டான். பார்த்த மறுநொடி கட்டையைச் சேற்றோடு சேற்றாகப் பைக்குள் வேகமாகச் சொருகினான், பை ஆடியது. எப்போதும் ஈரத் துண்டால் ஒரு தடவை, காய்ந்த துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைப்பான். நான்தான் கெடுத்தேன். நான் தலையில் கை வைக்காமல் இருந்திருந்தால் அவன் துடைத்திருப்பான். இப்போது அதே வெட்ஜைத்தான் எடுப்பான், வேறு வழியில்லை. கொடியை முன்பக்கத்து மணல்குழியை ஒட்டி நட்டிருக்கிறார்கள், பாவிகள். பின்னாலேயே சரிவு, அதற்குப் பின்னால் சோலைக்காடு. கொடியைத் தாண்டி விழுந்து, தரையைப் பிடித்து, பின்னால் திரும்பி வர வேண்டும் பந்து. பேக்ஸ்பின் இருந்தால் வரும். இல்லையென்றால் ஒரே துள்ளலில் காட்டுக்குள். கட்டை மூஞ்சியில் வரி வரியாகப் பள்ளக் கோடு போட்டிருப்பதே அதற்குத்தானே, பந்தின் தோலை அது கவ்வி இழுத்துப் பின்பக்கமாகச் சுழற்ற வேண்டும். அதில் சேறு அடைந்து கிடந்தால் எதைக் கவ்வும், வழுக்கிக்கொண்டுதான் போகும். போதாததற்குப் புல்லும் ஈரம். துடைடா. துடைடா கண்ணு. தோளில் தொங்குது பாரு துண்டு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்து நின்ற அந்த வார்த்தையை எச்சில் விழுங்கி உள்ளே தள்ளினாள்.

வாழ்நாளில் கோல்ஃப் கட்டையைக் கையால் தொட்டு ஆடாதவள் அவள். கோயம்புத்தூரில் பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே சம்பாதிக்கிறா, தன் வாயை மூடத் தெரியலை என்று வீட்டுக்காரர் வடிவேலு சொந்தக்காரர்கள் முன்னால் கிண்டல் அடிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், இவளும் சேர்ந்து சிரிப்பாள். இந்தப் பேக்ஸ்பின் பைத்தியம் அவனுக்குப் பிடித்ததே இவளால்தான். அப்போது அவனுக்கு எட்டு வயசிருக்கும், காய்ச்சலில் பள்ளிக்கூடம் போகாமல் சிணுங்கிக்கொண்டு கிடந்தான். இவள் கையிலிருந்த வளையலைக் கழற்றி, மொசைக் தரையில் முன்னால் எறிகிற மாதிரி எறிந்து, விடுகிறபோது விரலால் பின்பக்கம் ஒரு சுண்டு சுண்டினாள். வளையல் வழுக்கிக்கொண்டு பீரோ வரைக்கும் போனது, ஒரு கணம் நின்ற இடத்திலேயே சுற்றியது, அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி உருண்டு இவள் காலடிக்கே வந்து சேர்ந்தது. அவன் கட்டிலிலிருந்து குதித்துவிட்டான். அம்மா, திரும்பி வருது! இன்னொருக்கா! அன்றைக்கு எத்தனை இன்னொருக்கா. காய்ச்சல் எங்கே போனது என்றே தெரியவில்லை. பின்னால் அவன் கோல்ஃப் கற்கப் போன இடத்தில் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் அடித்த பந்து கிரீனில் விழுந்து பின்னுக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, காரில் ஏறியதும் ஏறாததுமாக, அம்மா, பந்து வளையலாட்டம் வந்துச்சும்மா என்றான். அப்படியே விட்டிருக்கலாம். அந்தச் சந்தோஷத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றிருக்கலாம். விட்டாளா? ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்தாள். பந்தைத் தூக்கிவிடப் பார்க்காதே, கீழ்நோக்கி அடி, அதுவே மேலே போகும். முதலில் பந்து, அப்புறம்தான் புல். ரெண்டும் ஒண்ணா பட்டா சுழலாது. வெளுத்துப்போன பழைய பந்து வேண்டாம், தோல் மெத்தென்று இருக்கிற பந்து வாங்கு. பாதியில் வேகத்தைக் குறைக்காதே, பயந்து அடித்தால் சுழலுமா? எல்லாம் சரியான விஷயங்கள்தான், ஒன்றும் தப்பில்லை, அதுதான் பெரிய கொடுமை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்னாள், ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது சொன்னாள், அவன் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்.

மொட்டைமாடியில் தென்னைநார் மிதியடியைப் போட்டு, எதிரே பழைய ஜமுக்காளத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் பந்தை வைத்து அடிக்கச் சொன்னதும் இவள்தான். மிதியடிக்கு அடியில் சிமெண்டுத் தரை. கீழ்நோக்கி அடிக்க அடிக்க முழங்கை அதிராமல் என்ன செய்யும். வலிக்குதும்மா என்றான் ஒரு நாள். இன்னும் ஒரு பக்கெட்டுதான் சாமி, முடிச்சிட்டு வா, தைலம் தேய்ச்சு விடறேன் என்றாள். டாக்டர் இல்லையா, அதுவும் பெரிய படிப்புப் படித்த டாக்டர். ஒரு பிள்ளை வலிக்குது என்று சொன்னால் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது எந்தப் புத்தகத்தில் இல்லை. அவன் அந்தப் பக்கெட்டையும் அடித்தான். ஒரு சத்தம், ஜமுக்காளத்தில் பொத்தென்று ஒரு சத்தம், மறுபடி ஒரு சத்தம். கீழே அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இவள் ரசம் தாளித்தாள். அதற்கப்புறம் வலிக்குது என்று அவன் சொன்னதே இல்லை. வலிக்காமல் போனதா, சொல்லாமல் போனதா? அப்போது கேட்கத் தோன்றவில்லை, இப்போது கேட்க வாய் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் பேச்சைச் சுருக்கிக்கொண்டான். ம். சரி. தெரியும். விடும்மா. அப்பாவிடம் மட்டும் மோட்டார் பம்பு, கிரிக்கெட்டு, சினிமா என்று மணிக்கணக்காகப் பேசுவான், இவள் கூடத்துக்குள் வந்தால் பேச்சு அணைந்துவிடும். போன மாசம் வேறொரு போட்டி முடிந்து வரும்போது காரில் இவள் வழக்கம்போல ஆரம்பித்தாள், அந்த ஒன்பதாவது குழியில நீ என்ன பண்ணியிருக்கணும்னா. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அம்மா, நீ வர்றதா இருந்தா நான் விளையாடலை என்றான். வடிவேலுதான் நடுவில் புகுந்து பேசி, ஊட்டிக்கு மட்டும் ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். வா, ஆனா வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா இதுதான் கடைசி. சத்தியம் பண்ணு என்றான். பண்ணினாள். பெத்த மகனிடம் கையடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்து நிற்கிறாள், இந்த லட்சணத்தில்.

பந்துக்கிட்டே போய்விட்டான். பையை இறக்கினான். கொடியைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான். கை வெட்ஜுக்குத்தான் போகிறது, தெரிந்த கதைதானே. உருவினான். சேறு காய்ந்து கிடக்குமே அதில், இங்கிருந்து தெரியவில்லை, ஆனால் கிடக்கும். துண்டு. துண்டை எடு. எடுக்கவில்லை. ஒத்திகைக்கு ஒரு தடவை வீசிப் பார்த்தான், ஈரப்புல் தெறித்தது, இன்னும் கொஞ்சம் சேறு அப்பியிருக்கும். பக்கத்தில் நின்ற ரோஹனின் அம்மா, ரொம்ப அமைதியான பையன் உங்க பையன் என்று கிசுகிசுத்தாள். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். அமைதியாம். எட்டு வயசில் அவன் போட்ட கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும். தோற்றால் தோற்கட்டும், அணியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இல்லை, அது பொய், வேண்டும், அவனுக்கு வேண்டும், எவ்வளவு பாடுபட்டிருக்கிறான், ஒரு பொட்டுச் சேற்றினால் போகலாமா? துடைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லையே. தோற்ற பிறகு வெட்ஜைப் பார்ப்பான், அப்போது தெரியும். ஏன் துடைக்கவில்லை என்று யோசிப்பான், அம்மா தலையில் கை வைத்தாள் என்று ஞாபகம் வரும். கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை, இந்த மஞ்சு வேறு. கழற்றினாள். துப்பட்டா நுனியை ஸ்வெட்டருக்குள்ளிருந்து உருவி, கண்ணாடியில் வைத்துத் துடைத்தாள். அவன் இந்தப் பக்கம் திரும்பினான். கண்ணாடி இல்லாமல் முகம் தெரியவில்லை, வெள்ளைத் தொப்பி திரும்பியது மட்டும் தெரிந்தது. தொப்பி அப்படியே நின்றது. அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். கண்ணாடியை எப்படித் துடைப்பாள் அவள், இத்தனை வருஷமாக? வட்டமாக, பூப்போல, இரண்டு விரலால். இப்போது துணிக்குள் கட்டைவிரல் நகத்தை அழுத்தி வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தாள். கோட்டோடு துடைக்கணும் சாமி, குறுக்கே துடைச்சா அழுக்கு உள்ளேயே உக்காந்துக்கும், நகம் வெச்சு இழு. அவள்தான் சொல்லிக் கொடுத்தது, வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, அவன் வெட்ஜை மடியில் போட்டுக்கொண்டு. ஐயோ. கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை, போட்டால் அதுவும் ஒரு சைகை ஆகிவிடுமோ என்ற பயம். தூரத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. துண்டாக இருக்கலாம். கொஞ்ச நேரம் அசைந்தது. அப்புறம் ஒரு சத்தம், மொட்டைமாடிச் சத்தம் இல்லை, அதைவிடச் சுத்தமாக, நறுக்கென்று, முதலில் பந்து, அப்புறம் புல். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஒருவர் ஓ என்றார், ரோஹனின் அம்மா இவள் கையைப் பிடித்து அழுத்தினாள், பாதை நெடுகக் கைதட்டல். கோகிலவாணி மங்கலான பச்சையையும் மங்கலான வெள்ளையையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடியைப் போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. பந்து கொடிக்கு ஒரு சாண் தூரத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, குழந்தைகூடத் தள்ளிவிடும். ஜெயிச்சுட்டான். என் தங்கம் ஜெயிச்சுட்டான். ஆனால் அவன் பந்தை நோக்கிப் போகவில்லை. குரியன் சாரை நோக்கிப் போகிறான். ஏன் அங்கே போகிறான், வேண்டாம், அங்கே என்ன வேலை, பந்தைத் தள்ளிட்டு வா கண்ணு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். குரியன் சார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இருவரும் பாதை ஓரத்துக்கு வந்தார்கள்.

"அம்மா, உங்க பையன் ஒண்ணு சொல்றான்," என்றார் அவர், மலையாள வாடை அடிக்கிற தமிழில். "நீங்க கண்ணாடி துடைக்கறதைப் பார்த்துத்தான் கட்டையைத் துடைக்கற ஞாபகம் வந்துச்சாம். இந்த மஞ்சுல எல்லாருமேதான் கண்ணாடி துடைக்கறாங்க, நானும் துடைச்சேன். அது குத்தம் இல்லை. அவனுக்குச் சொல்லணும்னு துடைச்சிருந்தாத்தான் குத்தம். நீங்க சொல்றதுதான் முடிவு. இல்லைன்னா இல்லை, விட்டுடலாம்."

கண்ணாடியைத்தானுங்க துடைச்சேன். எவ்வளவு சுலபமான வாக்கியம், எவ்வளவு நிஜமான வாக்கியம், ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. மஞ்சு படிந்திருந்தது, துடைத்தாள். உலகத்தில் யார் என்ன சொல்ல முடியும். நாலு வார்த்தை சொன்னால் அணியில் பையன், வீட்டில் பாயசம். நகத்தை யார் பார்த்தார்கள்? இந்த மொத்த ஊட்டியில் நகத்தைப் பார்த்தது இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருத்தன் எதிரே நிற்கிறான், தொப்பியைச் சுருட்டிக்கொண்டு, காலையிலிருந்து முதல் தடவையாக அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டு. அவன் குரியன் சாரிடம் நகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அதை அம்மாவுக்கு விட்டுவைத்திருக்கிறான். முழங்கையில் இன்னமும் வலிக்குதா கண்ணு, கேட்கணும், இப்போ இல்லை. தெரிஞ்சு செய்யலை, கைதான் செஞ்சது. ஆனால் கை யாருடையது? மனசு பூராவும் துடை துடை என்று கத்திக்கொண்டிருந்தபோது, பாவம் கை மட்டும் வேறு யாருக்காக வேலை பார்க்கும்.

"சொன்னேனுங்க," என்றாள். குரல் கரகரத்தது, காலையிலிருந்து பேசாத குரல். "அவனுக்குத்தான் சொன்னேன். வெட்ஜைத் துடைன்னு."

குரியன் சார் பெருமூச்சு விட்டார். "ரெண்டு அடி," என்று சொல்லிவிட்டு அட்டையில் எழுதினார். தரணீஷ் தலையாட்டிவிட்டு, போய்ப் பந்தைக் குழிக்குள் தள்ளினான். ரோஹன் தன் பந்தை இரண்டு தட்டலில் குழிக்குள் சேர்த்தான். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ரோஹனுக்கு இடம் கிடைத்தது. இரண்டு பையன்களும் கை குலுக்கிக்கொண்டார்கள். ரோஹனின் அம்மா வந்து இவள் தோளைத் தொட்டுவிட்டுத் தன் மகனிடம் போனாள்.

இதுதான் கடைசி. வாயைத் திறக்கவில்லை என்று வாதாடலாம், கோர்ட்டில் வேண்டுமானால் செல்லும். என் மகனுடைய இடத்தை என் நகத்தால் சுரண்டி எடுத்து அடுத்த பையனுக்குக் கொடுத்தேன். கார் நிறுத்தியிருந்த பக்கம் திரும்பி, யாரையும் பார்க்காமல் மெதுவாக நடந்தாள். முன்சீட்டில் அவனும் டிரைவரும் உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், பஸ்ஸில் போகச் சொன்னாலும் சரி. இனி சனி ஞாயிறுகளில் அவனும் அவன் அப்பாவும் கிளம்பிப் போவார்கள், இவள் வாசலில் நின்று கையாட்டுவாள், ராத்திரி வந்ததும் எப்படி ஆச்சு என்று கேட்பாள், ம் என்பான். பின்னால் பையில் கட்டைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. ஓடி வருகிறான்.

"அம்மா. நில்லும்மா."

நின்றாள். திட்டட்டும், நல்லா வாய் நிறையத் திட்டட்டும்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு பையை இறக்கினான். கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறான், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறான், நெற்றியில் ஒரு கோடு சேறு. "பாத்தியாம்மா?" என்றான். "வளையலாட்டம் வந்துச்சு. பாத்தியா நீ?"

பார்த்தேன் சாமி என்று சொல்லத்தான் வாய் போனது. எட்டு வருஷமாக எந்த ஒரு அடிக்காக ஒரு பிள்ளையைப் பாடாய்ப் படுத்தினாளோ, அந்த அடி அவள் கண் எதிரே நடந்தது, அவள் பார்க்கவில்லை.

"இல்ல கண்ணு," என்றாள். "கண்ணாடி கையில இருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியலை."

அவன் அம்மாவையே பார்த்தான். நம்ப முடியாதவன் மாதிரி பார்த்தான்.

"நீ சொல்லு," என்றாள்.

அவன் பையைக் காலோரம் சாய்த்து வைத்தான். பிறகு கையைத் தூக்கி, கொடி இங்கே என்று காற்றில் ஒரு இடத்தைக் காட்டி, "இத்தன தூரம் தாண்டி விழுந்துச்சும்மா, நான் போச்சுன்னே நினைச்சேன்," என்று ஆரம்பித்தான். அடிக்கும்போது எடை எந்தக் காலில் இருந்தது என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கோகிலவாணி கம்முனு கேட்டுக்கொண்டிருந்தாள்.